அலுமாரியில் உடைந்த இயந்திர மனிதன்

பிள்ளைகளின் கையில் அகப்பட்ட பொருள் நெடுநாள் தங்காது என்று நம் வீடுகளிற் சொல்வது வழக்கம். ஆதலால், விலையுயர்ந்த விளையாட்டுப் பொருள் ஒன்று வீட்டுக்கு வந்தால், அதனைப் பிள்ளையிடம் கொடாது கண்ணாடி அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். வளர்ந்தபின் தருவோம் என்கிறோம். பிள்ளை வளர்ந்துவிடுகிறது; பொம்மையோ அலுமாரியிலேயே இருந்துவிடுகிறது. நாமும் இத்தவற்றைச் செய்தவரே.

எம் தமக்கையாரின் மகனுக்கு ஆறு வயதாயிருந்தபோது, வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் அவனுக்கு ஒரு பொம்மை கொணர்ந்தார். கைகால்களை மடக்கித் திருப்பினால் அது கார் ஆகும்; மீண்டும் விரித்தால் இயந்திர மனிதன் ஆகும். அதன் மார்பும் தோளும் பொன்னிறமாய் மின்னின. சிறுவன் இரண்டு முறை மாற்றிப் பார்த்தான். மூன்றாம் முறை சற்று வலிந்து திருகியதைக் கண்ட நாம், "உடைச்சுப்போடுவாய், தா" என்று வாங்கி அலுமாரியில் வைத்தோம்.

பதினொரு ஆண்டுகள் கழிந்தன. அண்மையில் ஒரு நாள், அவனுடைய தங்கைக்குக் கொடுக்கும் எண்ணத்துடன் அதனை எடுத்து, கார் எவ்வாறு ஆகும் என்று காட்டுவதற்காகத் தோளை மெல்லத் திருப்பினோம். பிஸ்கற்று நொறுங்குவது போலத் தோள் நொறுங்கி எம் கையோடு வந்துவிட்டது. அருகில் நின்ற பையன், "மாமா, இது நான் உடைக்கேல்லை" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான், ஆயினும் அச்சொல் எம்மைத் தைத்தது.

பதினொரு ஆண்டுகள் ஒருவரும் தொடாத பொருள் எவ்வாறு உடைந்தது? இவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்த நாம், இப்பொம்மைகளின் வரலாற்றையும் ஆக்க முறையையும் ஓரளவு அறிய நேர்ந்தது. அவற்றை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அதிசய உலோகமும் நாகமும்

உருமாறும் இயந்திர மனிதப் பொம்மைகளின் தாயகம் யப்பான். 1972ஆம் ஆண்டின் இறுதியில் அந்நாட்டுத் தொலைக்காட்சியில் 'மசிங்கர் ஸெட்' என்னும் சித்திரத் தொடர் ஆரம்பமாயிற்று. கோ நாகாய் என்பவரின் கற்பனையில் உருவான அக்கதையில், ஒரு சிறுவன் மாபெரும் இயந்திர மனிதனின் தலையில் அமர்ந்து அதனைச் செலுத்துகிறான். அவ்வியந்திர மனிதனின் உடல், பூஜி மலையிலிருந்து கிடைத்த ஓர் அரிய தாதுவினின்றும் செய்யப்பட்டதென்றும், எதனாலும் அழியாததென்றும் கதை கூறுகிறது. அவ்வுலோகத்துக்குச் 'சோகோகின்' என்று பெயர். 'மீயுயர் கலப்புலோகம்' என்பது அதன் பொருள்.

பண்டாய் நிறுவனத்தின் கிளையாக 1971இல் தோன்றிய பொப்பி நிறுவனம், 1973இல் இம்மசிங்கரை ஏறத்தாழ 60 சதமமீற்றர் உயரமுள்ள பொலித்தீன் பொம்மையாக வெளியிட்டது. சவர்க்காரத் திரவப் போத்தல்கள் செய்யப்படும் அதே முறையில், காற்றினால் ஊதிச் செய்யப்பட்டமையால், அது பெரிதாயினும் இலேசானது. அடுத்த ஆண்டில், உள்ளங்கையில் அடங்கும் உலோக மசிங்கர் வெளிவந்தது. கதையிற் கேட்ட 'சோகோகின்' என்ற பெயரே அதற்கும் இடப்பட்டது. கையில் எடுத்தால் கனக்கும், தொட்டால் குளிரும், சுருள்வில்லின் விசையால் முட்டி பறந்து செல்லும். கதையின் அதிசய உலோகம் தம் கைக்கே வந்துவிட்டதென யப்பானியச் சிறுவர் மகிழ்ந்தனர்.

உண்மையில் அது நாகத்தாலான கலப்புலோகமே. நாகத்துடன் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பங்கு அலுமினியமும், சிறிதளவு மகனீசியமும் செம்பும் சேர்ப்பர். 400 பாகை செல்சியசுக்கும் குறைந்த வெப்பத்திலேயே இக்கலவை உருகிவிடும். உருகியதை மிக்க அமுக்கத்துடன் உருக்கு அச்சினுட் செலுத்தினால், சில விநாடிகளில் இறுகி, நுண்ணிய கோடுகளும் தெளிவாகப் பதிந்த உறுப்பாக வெளிவரும். விளிம்பிற் பிதுங்கியதை வெட்டி, மெருகிட்டு, வர்ணம் பூசி, ஊசிகளாலும் திருகாணிகளாலும் பொருத்துவர்.

மெய்யாகவே மாறும் பொம்மை

இதற்குப்பின் வேறொரு சிக்கல் எழுந்தது. 1974இல் ஒளிபரப்பான 'கெற்றர் ரோபோ' தொடரில் மூன்று விமானங்கள் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சேர்ந்து இயந்திர மனிதனாயின. சித்திரக்காரரின் தூரிகைக்கு அது இயலும். உலோகம் இழுத்தபடி நீளுமா? திரையிற் கண்டதைக் கையிலுள்ள பொம்மை செய்யவில்லையே எனப் பிள்ளைகள் ஏமாந்தனர்.

இக்குறையைத் தீர்த்தவர்களுள் முதன்மையானவர் பொப்பியின் வடிவமைப்பாளரான கட்சுஷி முரகாமி. 1975ஆம் ஆண்டின் 'ரைடீன்' என்னும் இயந்திர மனிதன் பறவையாக மாறுவான். பொம்மை எவ்வாறு மடியுமோ அவ்வாறே திரையிலும் மடியுமாறு, இரண்டையும் சேர்த்தே திட்டமிட்டனர். 1976இல் வந்த 'கொம்பட்லர் வீ' ஐந்து வாகனங்கள் இணைந்து உருவாவது. அதன் பொம்மையிலும் அவ்வைந்தும் மெய்யாகவே இணைந்தன. பிள்ளைக்குக் காட்டியதையே பிள்ளையின் கையிற் கொடுக்க வேண்டும் என்னும் இந்த நேர்மையே இக்கலையின் உயிர்நாடி எனலாம்.

ஆனால் நேர்மைக்கும் ஒரு விலை உண்டு. அசையாத சிலைக்கு மூட்டில்லை. உருமாறும் பொம்மைக்கோ ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு மூட்டு வேண்டும். ஒவ்வொரு மூட்டும் தேயும் இடமாகும். ஒவ்வொரு மெல்லிய ஊசியும் முறியும் இடமாகும். எத்தனை விதமாய் மாறுகிறதோ, அத்தனை விதமாய் உடையவும் கூடும். மாற்றத்தையும் உறுதியையும் ஒருங்கே பெறுவதுதான் வடிவமைப்பாளரின் திறமை.

1982இல் ஒளிபரப்பான 'மக்ரோஸ்' தொடரின் போர்விமானத்தை இதற்கு உதாரணமாகக் கூறலாம். ஷோஜி கவமோரி என்பவர் வடிவமைத்த அவ்விமானத்தின் இயந்திரப் பகுதிகள் கீழ்நோக்கி மடிந்து கால்களாகும். தக்கத்தொக்கு நிறுவனம் அதனை ஐம்பத்தைந்தில் ஒரு பங்கு அளவில் பொம்மையாக்கியது. இன்றும் சேகரிப்போர் அதனை விரும்பித் தேடுகின்றனர்.

அச்சுகளின் நெடும்பயணம்

பொம்மை ஆக்கத்தில் மிகுந்த செலவு பிடிப்பது உருக்கு அச்சு. உறுப்புக்கு உறுப்பு தனித்தனியே அச்சு வெட்ட வேண்டும். மயிரிழை பிசகினாலும் மூட்டுப் பொருந்தாது. ஆகவே, அச்சுக்கு உரியவர் அதனை எளிதிற் கைவிடார். நிறுவனம் மறைந்தாலும் அச்சு வாழும். தக்கத்தொக்கு 1984இல் முறிந்து போயிற்று. அதன் விமான அச்சு பண்டாயின் கைக்கு மாறியது. அவ்வச்சிற் பிறந்த பொம்மையையே அமெரிக்க ஹஸ்புரோ நிறுவனம் 1985இல் 'ஜெற்பயர்' என்ற பெயரில் விற்றது.

உலகெங்கும் பெயர்பெற்ற 'டிரான்ஸ்போமர்ஸ்' பொம்மைகளின் பிறப்பும் இத்தகையதே. யப்பானின் தக்கரா நிறுவனம் 1980 முதல் 'டயக்குளோன்' என்னும் வரிசையை விற்றுவந்தது. அதில் இயந்திர மனிதர் உயிரற்ற வாகனங்களே. காந்தப் பாதமுள்ள, 3 சதமமீற்றர் உயரமான சின்னஞ்சிறு மனிதர் அவற்றைச் செலுத்துவர். இப்பொம்மைகளையும், 'மைக்குரோமன்' வரிசையிற் சிலவற்றையும் ஹஸ்புரோ உரிமை பெற்று வாங்கி, புதிய கதை புனைந்து, 1984இல் வெளியிட்டது. செலுத்தும் மனிதர் நீங்கினர். வாகனங்களே உயிருள்ள வீரராயின. லொறியாக மாறும் 'ஒப்ரிமஸ் பிரைம்' முன்னர் டயக்குளோன் வரிசையில் வேறு பெயருடன் இருந்தவரே. அடுத்த ஆண்டில் அப்புதிய கதையுடனேயே யப்பானுக்கும் திரும்பினார்.

அசையாமலே வரும் நோய்கள்

இனி, எம் அலுமாரிக்கு வருவோம். பொம்மையின் பகைவன் பிள்ளையின் கை மட்டுமன்று. அதனினும் கொடிய பகைவர் சிலர் பொருளினுள்ளேயே குடியிருக்கின்றனர்.

முதலாவது, நாகத்தைப் பற்றும் நோய். கலப்புலோகத்தில் ஈயம் போன்ற மாசு சிறிது கலந்தாலும், காலப்போக்கில் ஈரக் காற்றினால் உலோகம் உள்ளேயே அரிபட்டு, வீங்கி, வெடித்துப் பொடியாகும். 1930களில் இங்கிலாந்திற் செய்யப்பட்ட சிறு உலோகக் கார்கள் பல இவ்வாறு அழிந்தன. மாசற்ற நாகத்தைப் பயன்படுத்துவதே இதற்குப் பரிகாரம்.

இரண்டாவது, எம் பொம்மையைக் கொன்ற நோய். பிளாஸ்ரிக்கில் உலோகப் பொடியைக் கலந்து பொன்போல மின்னச் செய்வதுண்டு. இவ்வகைப் பிளாஸ்ரிக்குகளுட் சில, ஆண்டுகள் செல்லச் செல்ல இறுக்கம் இழந்து, இலேசாகத் தொட்டாலும் நொறுங்கும். சேகரிப்போர் இதனைப் 'பொன் பிளாஸ்ரிக் நோய்' என்றே அழைக்கின்றனர். பெட்டியைத் திறவாமல் வைத்தாலும் இது தப்பவிடாது. 1980களின் இறுதியில் வந்த 'பிளாக் சராக்' என்னும் பெரிய பொம்மை இந்நோய்க்குப் பேர்போனது. மிக அழகாய் மின்னிய பகுதியே முதலில் அழிகிறது!

மூன்றாவது, வெயில். சூரிய ஒளியிலுள்ள ஊதாக் கடந்த கதிர்கள் வெள்ளைப் பிளாஸ்ரிக்கை மஞ்சளாக்கும். நான்காவது, கூடா நட்பு. மென்மையான வைனில் உறுப்புகளினின்றும் கசியும் எண்ணெய், அவற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் கடினப் பிளாஸ்ரிக்கை இளக்கிக் கறைப்படுத்தும்.

சேகரிப்போரும் சிறுவரும்

1974இல் உலோக மசிங்கரைக் கையில் ஏந்திய சிறுவர் வளர்ந்து, உழைத்து, கையிற் பணமுள்ளவராயினர். அவர்களுக்காகவே பண்டாய் 1997இல் 'சோகோகின் தமஷீ' என்னும் வரிசையைத் தொடங்கியது. 'சோகோகினின் ஆன்மா' என்பது அதன் பொருள். முதற் பொம்மை மீண்டும் அந்த மசிங்கரே. தக்கராவும் 2003இல் ஒப்ரிமஸ் பிரைமைப் பெரியோருக்கான நுண்ணிய பொம்மையாக வெளியிட்டது. இவை சிறுவருக்கல்ல, வளர்ந்தோருக்கே என்று பெட்டியிற் குறிக்கப்படும் பொம்மைகள். பெட்டி பிரியாதனவற்றுக்கு விலை அதிகம் என்பதால், வாங்கிய பலர் திறந்தும் பாரார்.

சேகரிப்போரை நாம் குறை கூறோம். அவர்கள் காத்திராவிட்டால் இவ்வரலாறே எமக்குக் கிடைத்திராது. எனினும், ஒன்றைச் சிந்திக்க வேண்டும். இன்று நூதனசாலைப் பொருள்போல மதிக்கப்படும் அந்தப் பழைய மசிங்கர், தரையில் உருண்டு, முட்டி தொலைந்து, வர்ணம் உரிந்து விளையாடப்பட்டதனாலேயே மதிப்புப் பெற்றது. எவரும் தொடாதிருந்தால், அதனை முப்பது ஆண்டுகளின்பின் எவர் நினைந்து தேடுவர்?

இத்தகைய பொம்மை வைத்திருக்கும் வீடுகளுக்குச் சில சொற்கள்: வெயில் படும் யன்னலோரத்தில் வைக்காதீர்கள். மின்கலம் இருந்தால் அகற்றிவிடுங்கள். கசிந்தால் உட்பகுதி அழியும். மூட்டு இறுகினால் தேங்காயெண்ணெய் இடாதீர்கள். அது நாளடைவிற் சிக்குப் பிடிக்கும். வலிந்து திருகாமல், எந்த உறுப்பு எதனைத் தடுக்கிறது என்று முதலில் நோக்குங்கள். இதனைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பின், பொம்மை மட்டுமன்றி அவனுடைய பொறுமையும் உறுதிப்படும்.

அன்று எம் மருமகன் மூன்றாம் முறை வலிந்து திருகியபோது, நாம் செய்ய வேண்டியிருந்தது அதுவே. பொம்மையைப் பறித்தது எமக்கு எளிதாயிற்று; அருகில் அமர்ந்து காட்டிக்கொடுப்பதற்குத்தான் நேரமில்லை என்று எண்ணிவிட்டோம்.

சென்ற மாதம் அவனுடைய தங்கைக்கு வேறொரு பொம்மை வாங்கினோம். பொன்னிறம் இல்லாத சாதாரணப் பொம்மை. பெட்டியைப் பிரித்து அவள் கையிலேயே கொடுத்தோம். அவளுக்கு அதனை மாற்றக் கற்பித்தவன் அவளுடைய தமையன். இதற்குள் ஒரு சக்கரம் கழன்றுவிட்டது; மூட்டுகளில் வர்ணமும் தேய்ந்துவிட்டது. அலுமாரி வெறுமையாயிருக்கிறது, அதன் திறப்பை எங்கே வைத்தோம் என்பதும் எமக்கு நினைவில்லை.