பாய்லர் வெந்நீரில் பால் கரைக்கலாமா?

போன மார்கழியில் ஒரு நாள். குருசுக்குப்பத்தில் என் வைத்தியசாலையைத் திறந்து உட்கார்ந்ததுமே, ஏழு மாதப் பேரனைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஓர் அம்மா வந்தார்.

"டாக்டரய்யா, நாலு நாளா காலையில குடுக்கிற பால் மட்டும் அப்படியே வாந்தியா வந்துடுது. சாயங்காலப் பால் நிக்குது. மாந்தமா இருக்குமா?"

காலைப் பால் மட்டும் ஏன்? விசாரித்தேன். பவுடர் பால். சாயங்காலம் அடுப்பில் காய்ச்சிய தண்ணீர். காலையில்? "அதான் பாய்லர்ல வெந்நீர் தயாரா இருக்கே, எதுக்குத் தனியா கேஸ் செலவு பண்ணணும்?" என்றார். மாமியார் காலத்துச் செப்பு பாய்லராம். "செம்புத் தண்ணி உடம்புக்கு நல்லதுன்னு நீங்கதானே சொல்றீங்க!" என்று என்னையே மடக்கினார்.

குழந்தையை முதலில் குழந்தை மருத்துவரிடம் அனுப்பினேன். பிறகு அடுத்த தெருதானே என்று பாய்லரைப் பார்க்கப் போனேன். குழாய்க்குக் கீழே சொட்டுச் சொட்டாக விழுந்த தண்ணீர் தரையில் பச்சையாகக் கறை பிடித்திருந்தது. களிம்பு!

உங்கள் வீட்டிலும் பரணில் ஒரு செப்பு பாய்லர் இருக்கலாம். சிலர் ஆசையாக மறுபடி இறக்கி, கொட்டாங்கச்சி போட்டு எரிக்கிறார்கள். குளிக்க அருமையான வெந்நீர். நான் குறை சொல்லவில்லை. ஆனால் குடிக்கிற செம்பை நீங்கள் தினமும் புளி போட்டுத் தேய்க்கிறீர்கள். பாய்லருக்குள் யார் கை விட்டுத் தேய்த்தது? மிச்சத் தண்ணீர் ராத்திரி முழுக்க வெதுவெதுப்பாக அதிலேயே கிடக்கிறது. செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. காலையில் முதலில் வருவது அந்தத் தண்ணீர்தான். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் செம்புதான் எல்லை என்கிறது. அதைத் தாண்டிப் போகப் போகக் குமட்டல், வயிற்று வலி, வாந்தி. சித்த மருத்துவத்தில் செம்பைச் சுத்தி செய்யாமல் மருந்தாக்கவே மாட்டோம். அதுவே போதாதா, செம்பு விளையாட்டுப் பொருள் இல்லை என்பதற்கு?

கைக்குழந்தை விஷயத்தில் இது வாந்தியோடு நிற்காது. ஒரு காலத்தில் நம் நாட்டில் மூன்று வயதுக்குள் பல குழந்தைகளின் ஈரல் கெட்டு, உயிரே போனது. 1983-ல் புனே பக்கத்துக் குழந்தைகளை ஆராய்ந்த மருத்துவர்கள், பித்தளை, செம்புப் பாத்திரங்களில் காய்ச்சி வைத்த மாட்டுப் பாலைச் சின்ன வயதிலேயே கொடுத்தது ஒரு காரணமாக இருக்கலாம் என்று 'லான்செட்' இதழில் எழுதினார்கள். பால் செம்பை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பாத்திரங்கள் போய் எவர்சில்வர் வந்தது. அந்த நோயும் அரிதாகிவிட்டது.

இன்னொன்றும் உண்டு. 'ஈயம்' என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்கிறோம். பாத்திரத்துக்குப் பூசுகிற வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. பழைய பாய்லர் ஓட்டைகளுக்கு வைத்த பற்றில் பெரும்பாலும் இரண்டும் கலந்திருக்கும். காரீயம் குழந்தையின் மூளையைப் பாதிக்கும். இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று சொல்ல அதற்கு அளவே கிடையாது. அடுத்த முறை பற்று வைக்கும்போது காரீயம் கலக்காததைக் கேளுங்கள்.

இனி உப்புக்கு வருவோம். கடலோரத்தில் இருக்கிற நமக்கு இது பழைய தொல்லை. மூன்றாம் நெப்போலியன் காலத்திலேயே முத்தரையர்பாளையத்திலிருந்துதான் நகரத்துக்கு நல்ல தண்ணீர் வந்தது. பாரதி பூங்காவில் இருக்கும் ஆயி மண்டபம் அதன் நினைவுதான். தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியில்லாவிட்டால் 600 வரை போகலாம் என்கிறது நம் நாட்டுத் தரநிர்ணயம். உங்கள் போர் தண்ணீரை ஒரு தடவை பரிசோதித்துப் பாருங்கள். சோப்பு நுரைக்கவில்லையா? அப்போதே சந்தேகப்படலாம்.

இந்தத் தண்ணீரைச் சூடாக்கினால் அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு பிரிந்து சுவரில் ஒட்டும். நாளாக ஆக அது பாறை மாதிரி ஆகி, விறகும் கரண்டும் தண்டம். பாய்லரில் ஆவி போகும் வழியை அது அடைத்துவிட்டால் ஆபத்தும்கூட. அதனால் குளித்து முடித்ததும், ஆறின பிறகு, மிச்சத் தண்ணீரை வடித்துவிடுங்கள். மாதம் ஒரு தடவை மளிகைக் கடை எலுமிச்சை உப்பை லிட்டருக்கு இரண்டு டீஸ்பூன் கரைத்து ஊற்றி, அரை மணி நேரம் வைத்து, வடித்து, மூன்று முறை அலசுங்கள். ராத்திரி முழுக்க ஊற வைக்கக் கூடாது. புளிப்பு செம்பையே தின்னும். கக்கூஸ் கழுவும் ஆசிட் வேண்டவே வேண்டாம். பிளீச்சிங் பவுடரோடு எதையும் கலக்காதீர்கள், விஷப் புகை வரும்.

கீசர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உள்ளே 'கடமுட' சத்தம் கேட்டால் உப்பு கட்டியிருக்கிறது. தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க மக்னீசியக் கம்பி ஒன்று பல கீசர்களில் இருக்கும். அதுதான் முதலில் கரைந்து தொட்டியைக் காப்பாற்றுகிறது. வருஷத்துக்கு ஒரு முறை மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கம்பியையும் பாதுகாப்பு வால்வையும் பார்க்கச் சொல்லுங்கள். சூட்டை ரொம்பக் குறைத்தும் வைக்காதீர்கள். 20 முதல் 45 டிகிரிக்குள் தேங்கும் தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி பெருகும். அதன் திவலையை மூச்சில் இழுத்தால் கடுமையான நிமோனியா வரலாம். 60 டிகிரியில் அது பிழைக்காது. அந்தச் சூடு தோலைப் பொசுக்கும், பச்சைத் தண்ணீர் கலந்தே குளியுங்கள். ஊருக்குப் போய்த் திரும்பினால், நன்றாகக் காய விட்டு, ஜன்னலைத் திறந்து, குழாயைக் கொஞ்ச நேரம் ஓடவிட்ட பிறகு ஷவரில் நில்லுங்கள்.

பால், காபி, கஷாயம் எதற்கும் பாய்லர், கீசர் தண்ணீர் வேண்டாம். அடுப்பில் தனியாகக் காய்ச்சுங்கள்.

அந்தப் பேரனுக்கா? அடுப்பு வெந்நீருக்கு மாறியதும் காலைப் பாலும் தங்கியது. களிம்புதான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். பாய்லர் தண்ணீரை யாரும் சோதனைக்கு அனுப்பவில்லை. அந்த அம்மா மட்டும், "அப்ப அந்த பாய்லரை என்னய்யா பண்றது?" என்று கேட்டார். குளிக்க வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.