ஆயா விரலில் ஒரு கெமிஸ்ட்ரி லேப்!

ஆரம்பாக்கத்தில் ட்ரெயின் பிடித்து காலேஜ் போகும் மக்களே, ஆயாவுக்கு சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப்பை உத்துப் பார்த்திருக்கீங்களா? உள்ளே குட்டி எலெக்ட்ரோடு இருக்கு. வெறும் எலெக்ட்ரோடுக்கு குளுக்கோஸை அடையாளம் தெரியாது. மேலே பூசிய என்சைம்தான் ஆளைப் பிடிக்கும். ஆனா அது கறந்த எலெக்ட்ரான் சுலபத்தில் வெளியே வராது. புரோக்கர் வேணும்! 1984-ல் ஆக்ஸ்ஃபோர்டு, கிரான்ஃபீல்டு விஞ்ஞானிகள் ஃபெரோசீனை அந்த வேலையில் உட்கார வெச்சாங்க. அப்புறமென்ன... கரண்ட் கூடினா சுகர் கூடுதல்!

இந்தப் பூச்சுக்கு ஈரக்காத்து ஆகாது. நம்மளுதோ பழவேற்காடு ஏரிக் காத்தடிக்கிற ஊர். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்தே போட்டா மீட்டர் பொய் சொல்லலாம். அதை நம்பி இன்சுலின் போட்டா வம்பு ஆயாவுக்குத்தான். மூடியை டைட்டா மூடுங்க பாஸ்!

பூச்சு மேட்டர் பிடிச்சுப்போச்சா? அழகப்பச் செட்டியார் தந்த 300 ஏக்கரில் 1953-ல் திறந்த காரைக்குடி சிக்ரி இருக்கே... எலெக்ட்ரோடு மேலே எதைப் பூசலாம்னு மண்டையை உடைச்சுக்கறவங்க அங்கே நிறைய!