கதாநாயகனுக்காக மாளும் பெண்கள்

2015-ஆம் வருஷம் மே மாதம் 6-ந் தேதி அமெரிக்காவில் ஒளிபரப்பான ஒரு தொலைக்காட்சி நாடகத்தில், சார்லி பிராட்பரி என்ற பெண்ணின் உடல் ஒரு விடுதியின் குளியல் தொட்டியில் இரத்தம் தோய்ந்து கிடந்தது. நாடகத்தின் பெயர் ‘சூப்பர்நாச்சுரல்’. பேய்களையும் பூதங்களையும் வேட்டையாடித் திரியும் ஸாம், டீன் என்ற இரு சகோதரர்களின் கதை அது. சார்லி அவர்களுடைய தோழி. கம்ப்யூட்டர் வித்தையில் கைதேர்ந்தவள், குறும்பாகப் பேசுபவள், 2012-ல் கதைக்குள் வந்த நாள் முதல் ரசிகர்களின் பிரியத்தைச் சம்பாதித்துக் கொண்டவள். டீனைப் பற்றியிருந்த ஒரு சாபத்தைப் போக்குவதற்காக அவள் ஒரு மந்திர நூலின் சங்கேதத்தை அவிழ்த்துக் கொண்டிருந்த சமயம் எதிரி வந்து விட்டான். கத்தியை உருவிக்கொண்டு அவள் நின்றதைப் பார்த்தோம். அவள் போராடியதைக் காட்டவில்லை. அடுத்தபடி நாம் கண்டது பிணத்தைத்தான். அதைப் பார்த்து நிற்கும் சகோதரர்களின் முகங்களைத்தான். மறுவாரம் டீன் பழிவாங்கப் புறப்பட்டு எதிரியின் குடும்பத்தாரைக் கொன்று குவித்தான். அதற்காகவே அவள் செத்தாள் என்பது குழந்தைக்கும் புரியும்.

பேய்க் கதையில் ஒரு பெண் செத்ததற்குத் தலையங்கப் பக்கத்தில் ஒப்பாரியா என்று சில நேயர்கள் நகைக்கலாம். கோடிக்கணக்கான ஜனங்கள் வாரந்தோறும் வீட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்து கேட்கும் கதை, எந்தப் பிரசங்கியின் சொல்லையும்விட ஆழமாக மனத்தில் இறங்குகிறது. யாருடைய உயிருக்கு எவ்வளவு விலை என்ற பாடத்தை அது சொல்லாமலே சொல்லிக் கொடுக்கிறது. அந்தப் பாடத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்பதில் தவறில்லை.

இந்த நாடகம் 2005 செப்டம்பரில் தொடங்கி 2020 நவம்பரில் முடிந்தது. 15 பருவங்கள், 327 பகுதிகள். முதல் பகுதி ஒரு பெண்ணின் சாவில் ஆரம்பித்து மற்றொரு பெண்ணின் சாவில் முடிகிறது. சகோதரர்களின் தாய் மேரி, 1983-ல் கூரையோடு ஒட்டிக் கிடந்தவாறு தீயில் மடிகிறாள். தகப்பன் வேட்டைக்காரன் ஆகிறான். 22 வருஷங்களுக்குப் பிறகு அதே தேதியில், அதே விதமாக, ஸாமின் காதலி ஜெஸிகா மடிகிறாள். சட்டம் படிக்கவிருந்த ஸாம் புத்தகத்தை மூடிவிட்டுத் தமையனோடு வண்டியில் ஏறுகிறான். தாய் தகப்பனைக் கிளப்பிவிட்டாள். காதலி மகனைக் கிளப்பிவிட்டாள். ஜெஸிகாவுக்கு என்ன ஆசைகள் இருந்தன, அவள் என்னவாக விரும்பினாள் என்பதை ரசிகர்கள் அறிந்து கொள்ள அவகாசமே தரப்படவில்லை.

இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது. அந்த நாடகத்தில் ஆண்களும்தான் சாகிறார்கள். தகப்பன் செத்தான், தகப்பனைப் போல் வளர்த்த கிழவர் பாபி செத்தார், கதாநாயகர்களே பல தடவை செத்தார்கள் என்பார்கள். மெய்தான். ஆனால் இந்தப் பதிலிலேயே வழக்கின் முடிச்சும் இருக்கிறது. 2007-ல் ஸாம் முதுகில் கத்தி பாய்ந்து செத்தான். டீன் தன் ஆத்மாவை விற்று அவனை மீட்டான். 2008-ல் டீன் நரகத்துக்கே போனான். ஒரு தேவதூதன் இறங்கி அவனைத் தூக்கி வந்தான். சாவு என்பது அந்தச் சகோதரர்களுக்குத் திண்ணையில் சற்றுக் கண்ணயர்வது போல. அப்படிப்பட்ட உலகத்தில் யார் செத்தார்கள் என்று கேட்பதில் பிரயோஜனமில்லை. யாரை மீட்டுவர ஆள் அனுப்பினார்கள் என்று கேட்க வேண்டும். ஜெஸிகாவுக்கு எவனும் ஆத்மாவை விற்கவில்லை. எல்லன், ஜோ என்ற தாயும் மகளும் 2009-ல் சகோதரர்களுக்கு வழிவிடுவதற்காக வெடி வைத்துத் தங்களையே மாய்த்துக் கொண்டார்கள். அவர்களை எவரும் மீட்கவில்லை. சார்லி போனவள் போனவளே. பிற்பாடு வந்தது அவள் முகமுடைய வேறோர் உலகத்துப் பெண். மேரியை மட்டும் 2016-ல் உயிர்ப்பித்தார்கள். 2019-ல் மறுபடியும் கொன்றார்கள். ஐலீன் என்ற காது கேளாத வேட்டைக்காரி 2017-ல் மாண்டு கடைசிப் பருவத்தில் மீட்கப்பட்டாள் என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லி விடுகிறோம்.

பிழைத்த பெண்களும் உண்டு. ஜோடி மில்ஸ் என்ற காவல் அதிகாரி 2010-ல் கதைக்குள் வந்து முடிவு வரையில் உயிரோடிருந்தாள். அவளையும் அவள் அடைக்கலம் கொடுத்த இளம் பெண்களையும் வைத்துத் தனி நாடகம் ஒன்று எடுக்க வேண்டுமென்று ரசிகர்கள் வற்புறுத்தினார்கள். 2018 ஜனவரியில் வெள்ளோட்டமாக ஒரு பகுதி காட்டவும் செய்தார்கள். அதே வருஷம் மே மாதத்தில் ஒளிபரப்பு நிலையத்தார் வேண்டாமென்று கைவிரித்து விட்டார்கள்.

இந்த வியாதி ஒரு நாடகத்தோடு பிறந்ததும் அன்று. 1959 முதல் 1973 வரை அமெரிக்க வீடுகளில் கோலோச்சிய ‘பொனான்ஸா’ என்ற பழைய நாடகத்தைப் பார்ப்போம். நெவாடாப் பிரதேசத்தில் பெரும் பண்ணை வைத்திருக்கும் பென் கார்ட்ரைட் என்பவருக்கு மூன்று பிள்ளைகள். மூவருக்கும் மூன்று தாய்மார். முதல்வள் பிரசவத்தில் மாண்டாள். இரண்டாமவள் அம்பு பட்டு மாண்டாள். மூன்றாமவள் குதிரையிலிருந்து விழுந்து மாண்டாள். கதை தொடங்குமுன்பே மூவரும் அடக்கமாகி விட்டதால், அந்தப் பெரிய வீட்டில் சமையற்காரர் உள்பட எல்லாரும் ஆண்கள். பிள்ளைகளில் எவனாவது ஒருத்தியிடம் மனத்தைப் பறிகொடுத்தால் அவள் சீக்கிரத்தில் சாவாள், அல்லது ஊரை விட்டுப் போவாள். ‘கார்ட்ரைட் சாபம்’ என்று ஜனங்களே பரிகாசம் செய்யும் அளவுக்கு இது முற்றிவிட்டது. 1972-ல் கடைக்குட்டி ஜோவுக்கு ஒருவழியாகக் கல்யாணம் நடந்தது. மனைவி கர்ப்பிணி. கல்யாணம் காட்டிய அந்த ஒரே பகுதியில் அவளைக் கொலையும் செய்து முடித்தார்கள்.

இதில் எழுத்தாளர்களின் குரூரத்தைவிடத் தொழிலின் கணக்கு அதிகம். வாரா வாரம் புறப்பட வேண்டிய கதாநாயகனுக்குக் குடும்பம் ஒரு கால்கட்டு. பண்ணைக்கு ஒரு மருமகள் வந்துவிட்டால் அடுத்த வாரம் புதிய காதலுக்கு இடமேது? அவனுக்கு ஆத்திரம் மூட்ட வேண்டும், அதுவும் முக்கால் மணி நேரத்துக்குள்; அவன் நேசித்தவளைக் கொல்வதைவிடச் சுருக்கமான வழி எதுவும் இல்லை. முதன்மை நடிகர்கள் பல வருஷ ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். வந்து போகும் நடிகைக்குப் பகுதிக்கு இவ்வளவு என்று கூலி. அவளை அனுப்பிவிடுவதால் யாருக்கும் நஷ்டமில்லை. “கதை இழுத்த இழுப்புக்குப் போனோம்” என்று இவர்கள் சொல்வதுண்டு. கதை ஏன் எப்போதும் ஒரே பக்கமாக இழுக்கிறது என்றுதான் விளங்கவில்லை.

இந்தக் குற்றத்துக்கு ஒரு பெயர் வைத்தவர் கெயில் ஸிமோன் என்ற பெண்மணி. 1994-ல் வந்த ஒரு சித்திரக் கதையில், வீடு திரும்பும் கதாநாயகன் தன் காதலி கொல்லப்பட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குள் திணிக்கப்பட்டிருப்பதைக் காண்கிறான். அதை வைத்து, இவ்வாறு கொலையுண்டும் சித்திரவதைப்பட்டும் போன சித்திரக் கதைப் பெண்களின் ஜாபிதா ஒன்றை ஸிமோன் 1999-ல் வெளியிட்டு, ‘குளிர்பெட்டிப் பெண்கள்’ என்று தலைப்பிட்டார். அதன் பின்னர் விமர்சகர்கள் அந்தச் சொல்லையே எடுத்தாளுகிறார்கள்.

சிரிப்பு நாடகங்களாவது தப்பினவா என்றால் இல்லை. ‘கெவின் கேன் வெயிட்’ என்ற நாடகத்தின் முதற் பருவம் முழுவதும் கெவினின் மனைவி டோனாவாக நடித்தவர் எரின் ஹேய்ஸ். 2017-ல் அவரை நீக்கிவிட்டு, முன்னொரு நாடகத்தில் அதே கதாநாயகருக்கு மனைவியாக வந்து புகழ்பெற்ற லீயா ரெமினியை அழைத்துக் கொண்டார்கள். அந்தச் செப்டம்பரில் இரண்டாம் பருவம் தொடங்கியபோது, டோனா இறந்து ஓராண்டுக்கு மேலாயிற்று என்பது இரண்டொரு வசனத்தில் தெரியவந்தது. சாவுக் காட்சி இல்லை. மூன்று குழந்தைகளின் தாய்க்கு ஒரு சொட்டுக் கண்ணீர் சரியாக விழவில்லை. பின்னணியில் சிரிப்பொலி வழக்கம்போல் கேட்டது. 2018-ல் நாடகமே நின்று போயிற்று.

பெண் பாத்திரம் சாகவே கூடாது என்பது நமது கட்சியன்று. சாவு இல்லாமல் சோக நாடகம் இல்லை. ‘ஸொப்ரானோஸ்’ என்ற கொள்ளைக் கூட்டத்தாரின் கதையில் 2004-ல் அட்ரியானா என்ற பெண் கொல்லப்பட்டாள். போலீஸார் அவளைப் பயமுறுத்தி உளவு சொல்ல வைத்தார்கள். அதை நம்பிக்கையோடு தன் காதலனிடம் ஒப்புக் கொண்டாள். அவன் அவளைத் தலைவனிடம் காட்டிக் கொடுத்தான். காதலன் தற்கொலைக்கு முயன்று ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று பொய் சொல்லிக் கூட்டத்தான் ஒருவன் அவளைக் காரில் அழைத்துப் போகிறான். அவள் தனியே கார் ஓட்டிக்கொண்டு எங்கோ தப்பிப் போவதாக ஒரு கணம் காண்கிறோம். மறுகணம், அது அவள் மனத்தில் ஓடிய ஆசை, அவள் கொலைகாரன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிகிறது. காட்டுக்குள் அவள் தவழ்ந்து போவதோடு காமிரா நின்று விடுகிறது. துப்பாக்கிச் சத்தம் மட்டும் கேட்கிறது. அந்தச் சாவு அவளுடையது. அவளுடைய பயம், அவளுடைய ஏமாற்றம், அவள் போட்ட தப்புக் கணக்கு எல்லாம் அதில் இருக்கின்றன. சார்லியின் சாவில் சார்லி இல்லை; டீனின் கோபந்தான் இருந்தது. ஒன்றைக் கலையென்றும் மற்றதைச் சோம்பலென்றும் நாம் சொல்வது இந்த வித்தியாசத்தினால்தான்.

இனி, சாகாத பெண்ணின் கதியைப் பார்ப்போம். இது இன்னும் வருத்தமானது. ஏனென்றால் இதில் எழுத்தாளர்களைக் குற்றம் சொல்லித் தப்ப முடியாது.

2008 முதல் 2013 வரை வந்த ‘பிரேக்கிங் பேட்’ நாடகத்தின் நாயகன் வால்டர் ஒயிட் என்ற இரசாயன ஆசிரியன். புற்றுநோய் கண்டதும், குடும்பத்துக்குப் பணம் சேர்ப்பதாகச் சொல்லிக்கொண்டு, கொடிய போதைச் சரக்கு காய்ச்சத் தொடங்குகிறான். கொல்கிறான், கொல்லச் செய்கிறான், ஒரு குழந்தைக்கு விஷமும் வைக்கிறான். ஜேன் என்ற இளம்பெண் மூச்சுத் திணறிச் சாவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்து நிற்கிறான். அவன் மனைவி ஸ்கைலர் என்ன செய்தாள்? கர்ப்பிணியாக இருந்தவளிடம் அவன் பொய்மேல் பொய்யாகச் சொன்னான். அவள் கேள்வி கேட்டாள். உண்மை தெரிந்ததும் வீட்டை விட்டு வெளியேறு என்றாள். பிறகு பயத்தினாலும் குழந்தைகளுக்காகவும் அவனுடைய கள்ளப் பணத்துக்குக் கணக்கெழுதி, தானும் குற்றத்தில் விழுந்தாள். அவள் பத்தினித் தெய்வம் என்று நாம் சொல்லவில்லை.

ஆனால் ரசிகர்கள் வெறுத்தது யாரை? கொலைகாரனையா? அவனை வீரன் என்று கொண்டாடினார்கள். தடுக்க வந்தவளை நச்சரிப்பவள் என்றும், நன்றி கெட்டவள் என்றும் தூற்றினார்கள். அவளைத் திட்டுவதற்கென்றே ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். வசை பாத்திரத்தோடும் நிற்கவில்லை. அதில் நடித்த அன்னா கன், 2013 ஆகஸ்டில் ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையில் கையெழுத்திட்டு ஒரு கட்டுரை எழுதினார். தன்னைக் கொல்ல வேண்டும், எங்கே இருப்பாள் என்று ஒருவன் விசாரித்திருந்ததையும் அதில் தெரிவித்தார். இருப்பிடம் கேட்டது கற்பனைப் பெண்ணுக்கல்ல; உயிரும் குழந்தைகளும் உள்ள ஒரு மனுஷிக்கு. இந்த வெறுப்பு ஸ்கைலரைப் பற்றியதாயினும், பெண்களையும் மனைவிமாரையும் பற்றி மனிதர் மனத்தில் இருப்பதே அதில் வெளிப்படுகிறது என்பது அவருடைய முடிவு. அந்த வருஷமும் அடுத்த வருஷமும் எம்மி பரிசு அவருக்கே கிடைத்தது; நடிப்பில் குறை இருந்ததென்று சொல்லவும் வழியில்லை.

இது ஏன் நேர்ந்தது? கதை நாயகனின் கண் வழியாகவே சொல்லப்படுகிறது. அவன் ஆசைப்பட்டது நமக்கும் ஆசை. அவனுக்குத் தடை நமக்கும் தடை. ஐந்து வருஷம் அந்தக் கண்ணாலேயே பார்த்துப் பழகிய பிறகு, குழந்தைகளைக் காப்பாற்றப் பார்க்கும் தாய்கூட இடைஞ்சலாகத் தோன்றிவிடுகிறாள். நீதி, உரிமை என்று மேடையில் முழங்கும் நம்மில் எத்தனை பேர் அந்த நாடகத்தைப் பார்த்துவிட்டு ஸ்கைலர் மீது சிடுசிடுத்தோம்? இந்தக் கட்டுரை எழுதுபவனும் முதல் தடவை பார்த்தபோது சிடுசிடுத்தவன்தான். இரண்டாம் தடவை அவள் பேசும் காட்சிகளை மட்டும் கவனித்துப் பார்த்தபோதுதான், அவள் கேட்ட கேள்விகளில் ஒன்றாவது நியாயமற்றதாக எனக்குப் படவில்லை.

சென்ற சில வருஷங்களில் இதற்கு நாடகத்திலேயே ஒரு பதில் வந்திருக்கிறது. 2021-ல் தொடங்கி மறு வருஷம் முடிந்த அந்த அமெரிக்கத் தொடரின் பெயரை இந்தப் பத்தியில் அச்சிட இயலாது. அவ்வளவு பச்சையான வசவு. அதிலும் கணவன் பெயர் கெவின்தான். அவன் கூடத்தில் இருக்கும்வரை வெளிச்சம் பளிச்சென்று இருக்கிறது. அவன் எதைச் சொன்னாலும் பின்னணியில் சிரிப்பொலி எழுகிறது. மனைவி அல்லிஸன் பரிகாசப் பொருளாக நிற்கிறாள். அவள் சமையலறைக்குள் திரும்பியதும் வெளிச்சம் மங்குகிறது. சிரிப்பு நின்று விடுகிறது. அவள் முகத்தை முதல் தடவையாக நாம் பார்க்கிறோம். தொடர் நெடுகிலும் கெவினோடு அந்தப் பளிச்சிடும் வெளிச்சம் கூடவே வருகிறது. கடைசிப் பகுதியில் அல்லிஸன் அவன் எதிரில் வந்து விவாகரத்து வேண்டும் என்கிறாள். உடனே வெளிச்சம் மங்கிவிடுகிறது. கெவின் பேசுகிறான், ஒருவரும் சிரிக்கவில்லை.