சிறிய கப்பியும் மலைநாட்டுப் பாதையும்



தோட்டத்து மக்கள் 'ஸ்டோர்' என்று வழங்கும் தேயிலைத் தொழிற்சாலையில், முன்னாளில் ஒரே நீண்ட தண்டு கப்பிகளையும் வார்களையும் கொண்டு எல்லா ரோலர்களையும் ஓட்டியதைப் பெரியவர்கள் அறிவர். ஓட்டும் கப்பி சிறுத்தால் ஓடும் பொறியின் வேகம் குறையும். இதே கணக்கை மோட்டார் எஞ்சினிற் கையாள்வதே 'அண்டர்டிரைவ்' கப்பி.

எஞ்சினின் முன்புறமுள்ள கிராங்க் கப்பி, தண்ணீர்ப் பம்பையும் பற்றரிக்கு மின்னூட்டும் ஆல்டர்னேட்டரையும் வாரினாற் சுழற்றுகிறது. 15 சென்ரிமீற்றர்க் கப்பியை நீக்கி 12 சென்ரிமீற்றர்க் கப்பியைப் பூட்டினால், அவற்றின் வேகம் நூற்றுக்கு 20 பங்கு குறையும். பம்பு வாங்கும் ஆற்றல் வேகத்தின் முப்படியைப் பொறுத்ததாதலின், அது ஏறக்குறையப் பாதியாகிவிடும். மிச்சம் சக்கரங்களுக்குச் சேரும்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவதால், டர்போ இல்லாத எஞ்சின் தன் வலுவில் ஆறிலொரு பங்கை இழக்கிறது. "இழுவை போதவில்லை" என்று சாரதிமார் குறைப்படுவதும், கப்பியை மாற்ற ஆசைப்படுவதும் இயல்பே. ஆனால் கப்பி காற்றைத் தராது. மேலும், எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது பம்பு வாங்குவதே சொற்பம். அந்தச் சொற்பத்திற் பாதி எம்மாத்திரம்? 1934 இல் தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியிலோ எஞ்சின் சிறிது நேரமே உச்ச வேகத்தில் உறுமுகிறது. அங்கே இக்கப்பிக்கு வேலையுண்டு.

கினிகத்தேனையிலிருந்து ஹற்றனுக்கு இரவில் நோயாளியை ஏற்றிச் செல்லும் வேனின் நிலை வேறு. முன்னே பாரமேற்றிய லொறி ஊர்கிறது, மூடுபனி, மழை, விளக்கும் வைப்பரும் ஓயாமல் இயங்குகின்றன. நிமிடத்துக்கு 750 சுற்றில் எஞ்சின் ஓடும்போது, 6 சென்ரிமீற்றர்க் கப்பியுடைய ஆல்டர்னேட்டர் 1,875 சுற்றுச் சுழலும். சிறிய கிராங்க் கப்பியுடன் அது 1,500 ஆகிறது. அவ்வேகத்தில் பல ஆல்டர்னேட்டர்கள் தரும் மின்சாரம் மிகக் குறைவு. பற்றரி கரையத் தொடங்கும். ரேடியேட்டரில் காற்று வீசாத அதே வேளையில் தண்ணீரோட்டமும் தளர்கிறது.

இன்னொன்று. பல எஞ்சின்களின் கிராங்க் கப்பியினுள் இருக்கும் ரப்பர் வளையம், தண்டின் முறுக்கு அதிர்வை அடக்குவது. அதை எறிந்துவிட்டு வெறும் அலுமினியக் கப்பியைப் பூட்டுவோர், காலப்போக்கில் கிராங்க் தண்டையே முறித்துக்கொள்ள நேரலாம். வாடகைக்கு ஓடும் வண்டிக்கு இது தகாது என்பதே என் கருத்து. ரேடியேட்டரைத் துப்புரவாக்கி, வாரின் இறுக்கத்தையும் டயரின் காற்றையும் சரிபார்த்தல் இதனினும் பயனுடையது.

ஏற்கெனவே பூட்டியவர்கள் ஒன்று செய்யலாம். வண்டியை நிறுத்தி, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, விளக்கையும் வைப்பரையும் போட்டு, பற்றரியின் முனைகளில் வோல்ட் மானியை வையுங்கள். 13.5 வோல்ட்டுக்கு மேலிருந்தால் நன்று. 12.5க்குக் கீழே இறங்கினால், பழைய கப்பியை மீண்டும் பூட்டிவிடுங்கள்.