நம்ம உடம்புக்கும் ஒரு பாஸ்புக்



குழுக் கூட்டத்தில் சேமிப்பு கட்டுகிறோம். பேரேட்டில் எழுதியாச்சு என்று சொன்னால் மட்டும் நாம் எழுந்து வருவதில்லை. நம்ம பாஸ்புக்கிலும் ஏறியிருக்கா என்று பார்த்துவிட்டுத்தான் வருகிறோம். பணத்துக்கு இருக்கிற இந்தக் கவனம் நம் உடம்புக் கணக்குக்கும் வேண்டும். அதைப் பற்றித்தான் இந்த முறை பேசப் போகிறோம்.

வீடு தேடி வரும் வைத்தியம்

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்ப்பது, தொடர்ந்து சாப்பிட வேண்டிய மாத்திரையைக் கொடுப்பது, பக்கவாதம் வந்தவர்களுக்கு இயன்முறைப் பயிற்சி, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு ஆதரவு சிகிச்சை எல்லாம் இதில் உண்டு. 2024-இல் இதற்கு ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் கிடைத்தது. வீடு வீடாகப் போகும் சுகாதாரத் தன்னார்வலர்கள் யார்? நம்மைப் போன்ற மகளிர் குழுக்களிலிருந்து தேர்வான பெண்கள்தான். இது நமக்கெல்லாம் பெருமை.

போனில் எதற்குப் பதிகிறார்கள்?

பிரஷர் பார்த்ததும் அந்த அக்கா போனில் ஏதோ தட்டுகிறாரே, எதற்கு என்று பலரும் கேட்கிறீர்கள். அதுதான் மின்னணு சுகாதாரப் பதிவு. நோட்டில் எழுதினால் அது ஒருவர் பையிலேயே கிடக்கும். போனில் ஏற்றினால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும் டாக்டரும் நர்சும் பார்க்கலாம். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் பிக்மி எண் நமக்குப் பழக்கமானதுதானே? அதுவும் இந்த வகைப் பதிவுதான்.

ஒரே ஒரு நாள் பார்த்த பிரஷரை வைத்து டாக்டர் எல்லாவற்றையும் முடிவு செய்ய முடியாது. ஒருவருக்குச் சித்திரையில் 150/96 இருந்தது, மாத்திரை சாப்பிட்டு ஆனியில் 132/84 ஆனது என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் பதிவில் இருந்தால்தான் மாத்திரை வேலை செய்கிறது என்று தெரியும். 140/90-க்குக் குறையாமல் தொடர்ந்து நின்றால் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும்.

மலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

நம்ம ராசிங்காபுரம் பக்கம் இதில்தான் சிக்கல். விடியும் முன்னே ஜீப் ஏறி இடுக்கி மலை ஏலத்தோட்டத்துக்குப் போகிறோம். இறங்கி வர இருட்டிவிடுகிறது. தன்னார்வலர் வரும் நேரம் வீடு பூட்டிக் கிடக்கும். மாமியார் பேரில் பதிவு இருக்கும், நம் பேரில் காலியாக இருக்கும். பதிவு காலியாக இருந்தால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை, யாரும் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். பிரஷரும் சுகரும் வலி காட்டாமலே வளரும். ஆகவே நாம் வேலைக்குப் போகாத நாள் எது என்று தன்னார்வலரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்போம். குழுக் கூட்டம் நடக்கும் நாளில் வந்து பார்க்கச் சொல்லியும் கேட்கலாம்.

மலையில் தங்கி வேலை பார்க்கிறவர்களுக்கு அங்கேயே மயக்கம் வந்தால் கேரளா ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிப் போவார்கள். அங்கே நம்மூர்ப் பதிவு தானாக வந்து நிற்கும் என்று நம்பி இருக்கக் கூடாது. மாத்திரைச் சீட்டும் அட்டையும் கையில் இருக்க வேண்டும்.

கேட்டுச் செய்ய வேண்டியவை

1. அளவு பார்த்ததும் "எவ்வளவுக்கா இருக்கு?" என்று கேளுங்கள். தேதி போட்டு நம் நோட்டிலும் எழுதிக்கொள்ளுங்கள்.

2. ஒரே பேரில் ஊரில் நாலு பேர் இருப்பார்கள். பேர், வயது, வீட்டுக்காரர் பேர் சரியா என்று வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

3. போன் நம்பர் மாறினால் உடனே சொல்லுங்கள்.

4. ஆபா எனும் 14 இலக்க சுகாதார எண் எடுத்திருந்தால் அதையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

5. மாத்திரையை நிறுத்தியிருந்தால் மறைக்காதீர்கள். "சாப்பிடுறேன்" என்று பொய் சொன்னால், மாத்திரை பத்தவில்லை என்று நினைத்து டாக்டர் அளவைக் கூட்டிவிடக் கூடும்.

6. முன்பின் தெரியாதவர் போனில் ஓ.டி.பி. கேட்டால் சொல்லவே கூடாது.

ரகசியம் காப்போம்

தன்னார்வலரும் நம்ம குழுப் பெண்தான். அதனாலேயே சிலர் தயங்குகிறார்கள். "எனக்குச் சுகர்னு தெரிஞ்சா அடுத்த கடன் தருவாங்களா?" என்ற பயம் இருக்கிறது. நியாயமான பயம்தான். ஒருவர் நம்மை நம்பிக் கொடுத்த தகவலை அவர் சம்மதம் இல்லாமல் பயன்படுத்தக் கூடாது என்பதற்காக 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே வந்திருக்கிறது. வீட்டில் பார்த்ததைக் கூட்டத்தில் பேசக் கூடாது. நோயைக் காட்டி யாருடைய கடன் மனுவையும் தள்ளக் கூடாது. இதை ஒவ்வொரு குழுவும் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

பயம் போனால்தான் எல்லாரும் கையை நீட்டுவார்கள், பதிவும் உண்மையாக இருக்கும். அடுத்த கூட்டத்துக்குச் சேமிப்புப் பாஸ்புக்கோடு ஒரு சின்ன நோட்டும் கொண்டு வாருங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் எழுதிக் கொடுப்போம்.