ஜப்பானிய மொழியில் ஏவல்

நுழையும்முன்

ஒருவரை ஒரு செயலைச் செய்யுமாறு தூண்டுவது ஏவல். அதனை அமைக்கும் விதியை இலக்கணம் கற்பிக்கும். யாரிடம், எப்போது ஏவலாம் என்பதைச் சமுதாயமே கற்பிக்கும். ஜப்பானிய மொழியில் ஏவல் வடிவத்தை அமைப்பது எளிது. அதற்குரிய இடத்தை அறிவதே அரிது. பணிவைப் போற்றும் அம்மொழியில் கடுமையான ஏவலே உயிர்காக்கும் சொல்லாக மாறியதையும் இப்பாடம் விளக்குகிறது.

ஏவல் அமையும் முறை

தமிழில் ‘நட’, ‘வா’, ‘படி’ என வினையின் வேர்ச்சொல்லே ஏவலாக நிற்கும். ஜப்பானிய வினைச்சொற்களோ அகராதியில் உகர ஈற்றுடன் இடம்பெறும். ஏவலாகும்போது அவ்வீறு மாற்றமடையும்.

முதல் வகை வினைகளில் இறுதி உகரம் எகரமாகத் திரியும். ‘யொமு’ என்பது படித்தல். ‘யொமெ’ என்றால் படி. ‘இக்கு’ என்பது செல்லுதல். ‘இக்கெ’ என்றால் செல். இரண்டாம் வகை வினைகளில் ஈற்றிலுள்ள ‘ரு’ நீங்கி, ‘ரொ’ சேரும். உண்ணுதலைக் குறிக்கும் ‘தபெரு’, ‘தபெரொ’ என்றாகும். தப்பியோடுதலைக் குறிக்கும் ‘நிகெரு’, ‘நிகெரொ’ என்றாகும். நிற்றலைக் குறிக்கும் ‘தொமரு’ என்பது ‘ரு’வில் முடிந்தாலும் முதல் வகையைச் சேர்ந்தது, எனவே, அது ‘தொமரெ’ என்றாகும். செய்தலைக் குறிக்கும் ‘சுரு’, வருதலைக் குறிக்கும் ‘குரு’ ஆகிய இரண்டும் விதிக்கு அடங்காதவை. அவை முறையே ‘ஷிரொ’, ‘கொய்’ என மாறும். ‘சுரு’ என்பதற்குச் ‘செயொ’ என்னும் எழுத்துவழக்கு ஏவலும் உண்டு.

எதிர்மறை ஏவல் இதனினும் எளிது. அகராதி வடிவத்துடன் ‘ந’ சேர்த்தால் போதும். ‘இக்கு ந’ என்றால் செல்லாதே என்பது பொருள்.

பணிவின் படிநிலைகள்

இவ்விதிகளை ஒரே நாளில் கற்றுவிடலாம். ஆயினும், கற்றவர் அன்றாட வாழ்வில் இவ்வடிவங்களைக் கூறும் வாய்ப்பு மிகக் குறைவு. வகுப்பில் உடன்பயிலும் ஒருவரிடம், சாளரத்தை மூடு என்னும் கருத்தில் ‘மதொ ஒ ஷிமெரொ’ என்று ஒரு மாணவர் கூறினால், அதில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. ஆனால், கேட்பவர் செவியில் அது அதட்டலாகவே ஒலிக்கும். வெற்று ஏவல் சினத்தையோ அதிகாரத்தையோ மிகுந்த நெருக்கத்தையோ உணர்த்தும்.

பெற்றோர் பிள்ளைகளிடமும் ஆசிரியர் மாணவர்களிடமும் ‘நசாய்’ என முடியும் வடிவத்தைக் கையாள்வர். ‘யொமிநசாய்’ என்றால் படி என்பது பொருள். இதில் கண்டிப்பும் உண்டு, பொறுப்புணர்வும் உண்டு. தமிழ் வினாத்தாள்களில் ‘எழுதுக’, ‘விடையளிக்க’ என்னும் வியங்கோள் இடம்பெறுவதைப் போல, ஜப்பானிய வினாத்தாள்களில் இந்த ‘நசாய்’ வடிவம் இடம்பெறும்.

பொதுவான பணிவுக்கு உரியது ‘குதசாய்’. ‘ஷிமெத்தெ குதசாய்’ என்னும் தொடரைத் தமிழ் மாணவர் எளிதில் புரிந்துகொள்ளலாம். ‘ஷிமெத்தெ’ என்பது ‘மூடி’ என்னும் வினையெச்சத்தை ஒத்தது. ‘குதசாய்’ என்பது, உயர்ந்தோர் கொடுத்தருளுவதைக் குறிக்கும் ‘குதசரு’ என்னும் வினையின் ஏவல். எனவே, அத்தொடரின் நேர்ப்பொருள் ‘மூடித் தந்தருளுங்கள்’ என்பதாகும். பணிவான இவ்வேண்டுகோளுக்குள்ளும் ஓர் ஏவல் ஒளிந்திருக்கிறது.

ஆசிரியரிடமோ அறிமுகமற்ற பெரியவரிடமோ உதவி கேட்கும்போது ஏவலை அறவே விடுத்து வினாவாகக் கேட்பர். ‘ஷிமெத்தெ இத்ததக்கெமசென் கா’ என்றால், ‘தாங்கள் மூடித்தரும் உதவியை யான் பெற இயலாதா?’ என்பது கருத்து. இங்குச் செய்பவரின் செயல் பின்னே நிற்க, பெறுபவரின் நன்றியுணர்வு முன்னே நிற்கிறது.

தெரிந்து தெளிவோம்

சாளரத்தை மூடச் சொல்லும் வகைகள்:
ஷிமெரொ – அதட்டல், அதிகாரம்
ஷிமெநசாய் – பெற்றோர், ஆசிரியர் கூற்று
ஷிமெத்தெ – நண்பர், குடும்பத்தார் இடையே
ஷிமெத்தெ குதசாய் – பொதுவான பணிவு
ஷிமெத்தெ இத்ததக்கெமசென் கா – மிகுந்த பணிவு

வெற்று ஏவலுக்குரிய இடங்கள்

வெற்று ஏவல் வழக்கிழந்த வடிவம் அன்று. ஜப்பானியச் சாலைகளில் தலைகீழாக அமைந்த சிவப்பு முக்கோணப் பலகையில் ‘தொமரெ’ என்று எழுதப்பட்டிருக்கும். அப்பலகை எவரையும் தனித்துச் சுட்டுவதில்லை. சாலையில் வருவோர் அனைவருக்கும் அது பொது. ஆதலால், எவரும் அதனை அவமதிப்பாகக் கருதுவதில்லை. மேலும், சக்கரம் உருளும் கணத்தில் நீண்ட தொடரைப் படிக்க நேரமும் இல்லை. விளையாட்டுத் திடலில் பார்வையாளர்கள் எழுப்பும் ‘கம்பரெ’ என்னும் முழக்கமும் வெற்று ஏவலே. ‘விடாது முயல்’ என்னும் பொருளுடைய அச்சொல் கேட்பவருக்கு ஊக்கம் தருகிறது.

பேரிடரும் ஏவலும்

2011ஆம் ஆண்டு மார்ச் 11 அன்று ஜப்பானின் வடகிழக்குக் கடலில் 9.0 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. அதனால் எழுந்த ஆழிப்பேரலை கடலோர ஊர்களை அழித்தது. உயிரிழந்தோரும் காணாமற்போனோரும் 18,000 பேருக்கும் மேலாவர்.

அபாயக் காலத்தில் ஊர் ஒலிபெருக்கிகள் ‘ஹினன் ஷித்தெ குதசாய்’, அதாவது ‘பாதுகாப்பான இடத்திற்குச் செல்லுங்கள்’ என்று பணிவுடன் அறிவிப்பதே வழக்கம். அன்று இபராக்கி மாநிலத்தின் ஓஅராய் நகரம் அவ்வழக்கத்தை மீறியது. மேடான இடத்திற்கு விரையுமாறு ‘ஹினன் செயொ’ என்று வெற்று ஏவலால் மக்களுக்கு ஆணையிட்டது. நாள்தோறும் பணிவான அறிவிப்புகளையே கேட்டுப் பழகிய செவிகளுக்கு அச்சொல் புதிதாக இருந்தது. நிலைமை வழக்கமானதன்று என்பதை அதன் வடிவமே உணர்த்தியது.

அப்பேரிடருக்குப் பின்னர் ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யும் தன் எச்சரிக்கை மொழியை மாற்றிக்கொண்டது. 2024ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில் நோத்தோ தீவகற்பத்தில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, அதன் அறிவிப்பாளர் ‘இம சுகு நிகெரு கொத்தொ’ என்று உரத்த குரலில் திரும்பத் திரும்பக் கூறினார். ‘இம சுகு’ என்பது இப்பொழுதே என்று பொருள்படும். ‘கொத்தொ’ என்பது வினையைப் பெயராக்கி, மீறக்கூடாத விதியாக்கும் சொல். ‘இப்பொழுதே தப்பிச் செல்லுதல் வேண்டும்’ என்பது அதன் கருத்து.

சாளரத்தை மூடச் சொல்லும்போது கேட்பவரின் மனம் நோகாமல் காப்பது பணிவு. அலை நெருங்கும்போது அவர்தம் உயிரைக் காப்பது ஏவல். இரண்டும் பிறர்நலம் கருதியவையே. ஜப்பானிய ஏவலைக் கற்போர் வினையின் ஈறு திரியும் முறையோடு, அத்திரிபு மனித உறவில் விளைவிக்கும் மாற்றத்தையும் அறிதல் வேண்டும்.