கனிவிக்கும் இரட்டைப் பிணைப்பு

பழங்களை அறுவடைக்குப் பின் கெடாமற் காக்கும் வழிகளை, மைசூரில் 1950-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் ஆராய்ந்து வருகிறது. பழம் கனிவதை முடுக்குவது எதிலீன் வாயு. ஆல்கீன்களுள் மிக எளியது இதுவே.

எதிலீனின் இரு கார்பன் அணுக்களை ஒரு சிக்மா பிணைப்பும் ஒரு பை பிணைப்பும் இணைக்கின்றன. பை பிணைப்பின் எலக்ட்ரான்கள் அணுக்களை இணைக்கும் கோட்டிற்கு மேலும் கீழும் பரவியிருப்பதால் எளிதில் வினைப்படுகின்றன. புரோமின் நீரின் செம்பழுப்பு நிறம் மறைவதும், எதிலீன் மூலக்கூறுகள் தொடராக இணைந்து பாலிதீன் ஆவதும் இதனாலேயே. காயிலுள்ள ஏற்பிப் புரதத்தின் தாமிர அயனியை எதிலீன் பற்றுவதும் இவ்வெலக்ட்ரான்களின் துணைகொண்டே. அதன் விளைவாகவே வாழைக்காயின் மாவுப்பொருள் சர்க்கரையாகிறது; தோலின் பசுமையும் மறைகிறது.

கால்சியம் கார்பைடு ஈரம் பட்டதும் வெளிவிடும் அசெட்டிலீனும் காயைப் பழுக்கச் செய்யும். ஆயின் வணிகக் கார்பைடில் ஆர்செனிக், பாஸ்பரஸ் மாசுகள் கலந்திருக்கக்கூடும். எனவே 2011-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் அவ்வாயுவால் பழுக்கவைத்த பழங்களின் விற்பனையைத் தடைசெய்கின்றன. மாறாக, பத்து இலட்சம் பகுதிக் காற்றில் 100 பகுதி வரை எதிலீனைப் பயன்படுத்த 2016-இல் அனுமதி வழங்கப்பட்டது.

தடையைச் செயற்படுத்துவதோடு, முறையான பழுக்கவைக்கும் அறைகள் சிறு வணிகருக்கும் எட்டும்படி செய்தலும் இன்றியமையாதது.